எடை குறைந்த டிரம்

அத்தியாயம் 9

லெஸ்டர் ஹூவிலா எங்கள் காரைப் பள்ளத்திலிருந்து வெளியே இழுத்துப் போட்டுவிட்டு, டிராக்டரில் உட்கார்ந்தபடியே என்னைப் பார்த்துச் சிரித்தான்.

"டேல், வண்டி ஓட்டத் தெரியாதவன் எல்லாம் ஃப்ளோரிடா பக்கம் போயிடணும். இங்க பிப்ரவரின்னா இப்படித்தான்."

"ஃப்ளோரிடாவுக்குத்தான் புறப்பட்டேன். உங்க பள்ளம் விடல," என்றேன்.

எங்கள் கோர்ப்பி கவுண்டியில் லெஸ்டரைப் பிடிக்காதவர்கள் கிடையாது. சர்ச் முற்றத்துப் பனியை அவன்தான் தள்ளுவான். கிழவிகள் வீட்டு வாசலைக் கேட்காமலே சுத்தம் செய்து கொடுப்பான். அவனுடைய டிராக்டர் சின்னது. முன்னால் பனியை அள்ளும் பக்கெட். பின்னால், இரண்டு தூக்குக் கைகளில் மாட்டிய, காங்கிரீட் நிரப்பிய நீல டிரம். இந்த ஊரில் பனி தள்ளுகிற எல்லா டிராக்டருக்கும் அந்த நீல டிரம் உண்டு. அந்தப் பாரம் இல்லாவிட்டால், பக்கெட் நிறைந்ததும் பின்சக்கரம் தரையை விட்டு எழும்பிவிடும். டிரம் எல்லாம் ஒரே பால் பண்ணையிலிருந்து வந்தவை. பெயிண்ட் கூட ஒன்றுதான்.

என் பக்கத்தில் நின்றிருந்த அவ்னே ரவுத்தியோ அவனுடைய பின்சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சங்கிலி போடலையா லெஸ்டர்?"

"கழட்டி எறிஞ்சு ரெண்டு மூணு வாரம் ஆச்சு. சர்ச் முற்றத்துத் தாரைக் கிழிக்குது. ஓட்டத் தெரிஞ்சவனுக்கு எதுக்குச் சங்கிலி?"

"பெர்னி எப்படி இருக்கா?" என்று நான் கேட்டேன். பெர்னடீன் அவன் மனைவி.

"அவ அக்கா வீட்டுல, விஸ்கான்சின்ல. குளிர் முடிஞ்சதும் வந்துருவா," என்றான் லெஸ்டர். கையாட்டிவிட்டுப் போனான்.

அவ்னே காரில் ஏறி மணி பார்த்தாள். பதினொன்றரை. என் முதலாளியைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். பண்ணை இயந்திர விபத்துகளை ஆராய்கிற இன்சூரன்ஸ் வேலையில் பன்னிரண்டு வருடம் இருந்துவிட்டு, தனியாகத் துப்பறிய வந்தவள். வயது நாற்பத்தாறு. பொய் சொல்ல வராது. பல் டாக்டர் வலிக்கிறதா என்று கேட்டால்கூட உள்ளபடி சொல்லி, இரண்டாவது ஊசி வாங்கிக்கொள்வாள். நான் முன்னாள் ஹாக்கி ஆட்டக்காரன். முன்பல் மூன்று இல்லை. அவள் யோசிப்பாள். நான் அடி வாங்குவேன். எங்கள் கம்பெனி இப்படித்தான் ஓடுகிறது.

"மூணு மணிக்குக் கையெழுத்துப் போட்டுருவான்," என்றாள்.

எய்னோ லாஹ்தியைச் சொன்னாள். நாலு வாரத்துக்கு முன்னால் எய்னோவும் அவன் உயிர்த் தோழன் நார்ம் போட்ரியும் பாரில் குடித்தார்கள், வாசலில் வந்து ரத்தம் வர அடித்துக்கொண்டார்கள், பிறகு ஒரே வண்டியில் கிளம்பிப் போனார்கள். மறுநாள் காலை, ஏரிக்கரைப் படகுத்துறையில், தன் வண்டிக்குள் எய்னோ மட்டும் கண் விழித்தான். சீட், கதவு, அவன் சட்டை, எல்லாம் நார்மின் ரத்தம். நார்மைக் காணவில்லை. எய்னோவுக்கு ஒன்றும் ஞாபகம் இல்லை. அன்றைக்கே உள்ளே தள்ளினார்கள். குற்றத்தை ஒப்புக்கொண்டால் பதினைந்து வருடம், இல்லாவிட்டால் ஆயுள் முழுக்க என்று அரசு வக்கீல் நெருக்க, அவனும் சரி என்றுவிட்டான். கொலை செய்தோம் என்று அவனே நம்பிவிட்டான். நம்பாத ஒரே ஆள் அவன் மனைவி சிக்னெ. எங்களை அமர்த்தியவள் அவள்தான்.

"பிணம் இல்லாம ஒருத்தனைப் பதினஞ்சு வருஷம் உள்ள வைக்கிறாங்க. எனக்கு வயிறு எரியுது மேடம்."

"எரியட்டும். ரஸ் கின்னுனென் வீட்டுக்கு விடு."

"அங்க ஏற்கெனவே போலீஸ் நாயோட போய்த் தேடியாச்சே."

"நேத்து அவன் ரோட்டுல பனி தள்ளினதைப் பார்த்தேன். பின்சக்கரத்துல சங்கிலி இருக்கு. டிரம்முக்கு மேல ஆறு மணல் மூட்டை கட்டியிருக்கான். அப்படியும் சக்கரம் சும்மா சுத்துது."

"சரி, வழுக்குது. அதுக்கு?"

"காங்கிரீட் நிரப்பின டிரம் ஆயிரம் பவுண்டு இருக்கும். அது போதும்னுதான் எல்லாரும் அதைத் தொங்க விடுறாங்க. அவனுக்கு மட்டும் ஏன் பத்தல?"

"இளைச்சிருக்கும். நான் இளைச்சா டாக்டர் தட்டிக் கொடுப்பாரு, டிரம் இளைச்சா நீங்க சந்தேகப்படுறீங்க."

"டிரம்முல பாதி இடத்தை வேற ஏதோ அடைச்சிருக்கு, டேல். காங்கிரீட்டை விட லேசான ஏதோ. மனுஷ உடம்பு காங்கிரீட்டை விட ரொம்ப லேசு."

அதற்கு மேல் நான் ஜோக் அடிக்கவில்லை. நார்ம் எனக்கும் நண்பன்.

ரஸ் கின்னுனென் வீட்டு முற்றத்தில் டிராக்டர் தனியாக நின்றது. வீட்டுக்குள் ஆவி பறக்க சௌனா என்கிற நீராவிக் குளியல் ஓடிக்கொண்டிருந்தது. கதவைத் தட்டிக் கேட்கலாமா என்றேன். கேட்டால் மாட்டேன் என்பான், அதற்குள் மூன்று மணி ஆகிவிடும் என்றாள் அவ்னே. நான் மணல் மூட்டைகளைக் கீழே தள்ளினேன். காரிலிருந்து சம்மட்டியை எடுத்து, டிரம்மின் மேல்வாயில் தெரிந்த காங்கிரீட்டில் ஓங்கி ஒரு அடி போட்டேன். பிறகு இன்னொன்று.

ஐந்தாவது அடிக்கு வீட்டுக் கதவு திறந்தது. ரஸ் வெளியே வந்தான். இடுப்பில் துண்டு, காலில் பூட்ஸ், உடம்பெல்லாம் சௌனா ஆவி. கையில் டயர்ச் சங்கிலி.

"டேய் பொக்கவாயா! எவன்டா என் வெயிட்டை உடைக்கிறது?"

சங்கிலி முதல் வீச்சில் என் காதை உரசிக்கொண்டு போனது. இரண்டாவது வீச்சு தோளில் இறங்கியது. கை மரத்துப்போய் சம்மட்டி நழுவியது. பனி தள்ளும் காலத்தில் ஒருவனுடைய டிரம்மை உடைப்பது இந்த ஊரில் அவன் மனைவியைக் கையைப் பிடித்து இழுப்பதை விடப் பெரிய குற்றம். அவன் கோபத்தில் தப்பு சொல்ல முடியாது. அதற்காக நான் அடி வாங்கிக்கொண்டு நிற்கவும் முடியாது. குனிந்து அவன் வயிற்றில் தலையால் முட்டினேன். இரண்டு பேரும் பனியில் உருண்டோம். அவன் முழங்கையை என் வாயில் வைத்து அழுத்தினான். நாலாவது பல்லும் ஆடியது. நான் நெற்றியால் அவன் மூக்கை உடைத்தேன். வெள்ளைப் பனியில் ரத்தம் தெறித்தது. அவன் சங்கிலியை என் கழுத்தில் சுற்றி முறுக்கினான். கண் இருட்டியது.

"ரஸ், நிறுத்து. இங்க பாரு," என்றாள் அவ்னே.

அவள் குரல் உயரவில்லை. அதனால்தான் அவன் திரும்பிப் பார்த்தான் என்று நினைக்கிறேன். அவள் கீழே கிடந்த சம்மட்டியை எடுத்து, நான் உடைத்த இடத்தில் தானே நாலு அடி போட்டிருந்தாள். நாலு விரல் தடிமனுக்குக் காங்கிரீட் பெயர்ந்து வந்திருந்தது. அதற்குக் கீழே ஒரு பூட்ஸின் அடிப்பாகம், மேல்நோக்கி.

குதிகாலில் ஆறு ஆணி. ஐஸில் வழுக்காமல் இருக்க இங்கே எல்லோரும் பூட்ஸில் ஆணி அடிப்பார்கள். ஆனால் இதை அடித்தவன் நான். ஒன்று கோணலாகப் போய்விட்டது என்று நார்ம் என்னை ஒரு வாரம் கேலி செய்தான். அந்தக் கோணல் ஆணி இப்போது என் கண் முன்னால் இருந்தது. அவனைத் தலைகீழாக உள்ளே சொருகி மேலே காங்கிரீட் ஊற்றியிருக்கிறார்கள். அப்படியே டிராக்டரின் பின்னால் மாட்டி, வாரக்கணக்கில் ரஸ் ஊர் முழுக்க, பட்டப்பகலில், பள்ளிக்கூட வாசல் வரைக்கும் இழுத்துக்கொண்டு திரிந்திருக்கிறான்.

நான் சங்கிலியைப் பிடுங்கி இப்போது ரஸ்ஸின் கழுத்தில் போட்டேன்.

"நார்மைடா. நார்மைப் போய் இப்படிப் பண்ணிட்டியேடா."

ரஸ் திமிறவில்லை. அந்தப் பூட்ஸைப் பார்த்தான். துண்டு அவிழ்ந்ததைக்கூடக் கவனிக்காமல் மண்டியிட்டு வாந்தி எடுத்தான்.

"அது என் டிரம் இல்ல," என்றான்.

"உன் டிராக்டர்ல வேற யாரு டிரம்டா தொங்கும்?"

"விடு டேல்," என்றாள் அவ்னே. "ரஸ், உன் டிரம் இல்லைன்னு எப்படிச் சொல்ற?"

"என் டிரம்முக்குள்ள நாலு இரும்பு இருக்கு. பழைய தாமிரச் சுரங்கத்துல கல் நொறுக்குற குண்டு, ஒண்ணொண்ணும் இம்மாம் பெருசு. அப்பா கொண்டு வந்து போட்டது. நான்தான் உள்ள வச்சு மேல ஊத்தினேன். இந்த ஊர்லயே கனமான டிரம் என்னோடதுதான். சங்கிலியே போட மாட்டேன்."

"இப்ப போட்டிருக்கியே."

ரஸ் வாயைத் துடைத்தான். அவன் முகம் சிவந்தது, குளிரால் அல்ல. "மூணு வாரமா வண்டி நிக்க மாட்டேங்குது. பக்கெட்டைத் தூக்கினா பின்னாடி லேசா எழும்புது. மணல் மூட்டை வச்சேன். சங்கிலி போட்டேன். அப்படியும் வழுக்குது."

"யார்கிட்டயாவது சொன்னியா?"

"எவன்கிட்டப் போய்ச் சொல்ல? ரஸ் கின்னுனெனுக்குப் பனி தள்ளத் தெரியலன்னு காபிக் கடையில உக்காந்து சிரிக்கவா?"

நான் அவ்னேவைப் பார்த்தேன். அவள் நம்பிவிட்டாள். எனக்கு நம்ப மனமில்லை, ஆனால் எனக்கே தெரியும். இந்த ஊர் ஆம்பிளை கொலைக் குற்றத்தை வேண்டுமானாலும் ஒப்புக்கொள்வான், தன் டிராக்டர் வழுக்குகிறது என்று மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டான்.

"எந்த நாள்லேர்ந்து வழுக்குது?"

"போன மாசம் இருபத்திரண்டாந் தேதி, திங்கள். அதுக்கு மொத நாள் நல்லாத்தான் இருந்துச்சு. சர்ச் காபிக்கு டிராக்டர்லயே போயிட்டு வந்தேன்."

அவ்னே சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தாள். அன்றைக்கு பாரில் இருந்த ஆட்களின் வீட்டை ஷெரிஃபின் ஆட்கள் எந்தெந்தத் தேதியில் தேடினார்கள் என்ற பட்டியல். "உன் வீட்டைப் பதினெட்டாந் தேதி தேடி முடிச்சாங்க. அதுக்கப்புறம் இங்க யாரும் வரப் போறதில்ல. தேட வேண்டிய வீடு இன்னும் ஒண்ணு பாக்கி இருந்துச்சு. அதை இருபத்திநாலுல தேடினாங்க. ரெண்டுக்கும் நடுவுல வந்த ஞாயித்துக்கிழமை, நீங்க எல்லாரும் உள்ள காபி குடிச்சுட்டிருக்கும்போது, வெளிய நின்ன ரெண்டு டிராக்டர்ல டிரம் மாறியிருக்கு."

"மாத்த எத்தனை நேரம் ஆகும்?" என்றேன்.

"ஓட்டத் தெரிஞ்சவனுக்கு நாலு நிமிஷம்," என்றான் ரஸ்.

"அவன் கணக்குல ஒரே தப்புதான்," என்றாள் அவ்னே. "எல்லா டிரம்மும் ஒண்ணுன்னு நெனச்சான். ரஸ் டிரம்முல இரும்பு இருக்குன்னு அவனுக்குத் தெரியாது. இங்க ஒரு டிராக்டர் லேசாச்சுன்னா, வேற எங்கயோ ஒண்ணு கனமாயிருக்கணும். திடீர்னு யாருக்குச் சங்கிலி வேண்டாமப் போச்சு, டேல்?"

இன்று காலை வழவழ ஐஸில், சங்கிலி இல்லாமல், ஒரே இழுப்பில் எங்கள் காரை வெளியே எடுத்தவன். அதைப் பெருமையாக வேறு சொல்லிக்கொண்டவன்.

"லெஸ்டரா?" என்றேன். "அவன் என் அம்மா வாசலைச் சுத்தம் பண்றவன் மேடம்."

"இருபத்திநாலுல தேடினது அவன் வீட்டைத்தான். நல்ல பிடிப்பு கெடைச்சதும் சங்கிலியைக் கழட்டாம இருக்க அவனால முடியல. கழட்டினதைச் சொல்லாம இருக்கவும் முடியல. வேற எந்த ஊர்க்காரனா இருந்தாலும் வாயை மூடிட்டு இருந்திருப்பான்."

ஷெரிஃப் அலுவலகத்துக்குப் போன் போட்டாள். நெடுஞ்சாலையில் ஆறு வண்டி மோதிக் கிடக்கிறது, ஆள் அனுப்ப ஒரு மணி நேரம் ஆகும் என்றார்கள். எய்னோவின் வக்கீல் போனை அணைத்து வைத்திருந்தார். இந்தப் பிணத்தை மட்டும் காட்டினால் போதாது என்றாள் அவ்னே. கொன்றவன் எய்னோ, ஒளித்தவன் ரஸ் என்று அரசு வக்கீல் இரண்டு பேரையும் சேர்த்துக் கட்டிவிடுவார். ரஸ்ஸின் டிரம் லெஸ்டரிடம் இருந்தால்தான் எய்னோ வெளியே வருவான். டிரம் மாறிய அன்றைக்கு எய்னோ சிறையில் இருந்தான்.

ரஸ்ஸின் மனைவி மான் துப்பாக்கியோடு நார்முக்குக் காவல் நின்றாள். ரஸ் கால்சட்டை மாட்டிக்கொண்டு, மூக்கில் பஞ்சை அடைத்துக்கொண்டு, கேட்காமலே பின்சீட்டில் ஏறினான். சம்மட்டியும் கடப்பாரையும் மடியில்.

"நீ எதுக்கு?" என்றேன்.

"அது என் டிரம்," என்றான்.

சர்ச்சுக்குப் போனபோது மணி ஒன்று நாற்பது. லெஸ்டர் முற்றத்தில் பனி அள்ளிக்கொண்டிருந்தான். பக்கெட் நிறைய, கல் மாதிரி இறுகிய ஐஸ். பின்சக்கரம் தரையில் அப்பிக்கொண்டு நின்றது. எங்களைப் பார்த்து எஞ்சினைத் தணித்தான். ரஸ்ஸின் மூக்கையும் என் வாயையும் பார்த்தான்.

"என்னடா, ஹாக்கி மறுபடி ஆரம்பிச்சுட்டீங்களா? உள்ள சூடா கறி வச்ச பாஸ்டி இருக்கு, போய்ச் சாப்பிடுங்க."

"சாப்பிடலாம்," என்றாள் அவ்னே. "அதுக்கு முன்னாடி உன் டிரம்மை உடைச்சுப் பாக்கணும் லெஸ்டர். உள்ள இரும்பு இல்லைன்னா நானே புது டிரம் ஊத்தித் தர்றேன்."

"இரும்பா? என்ன இரும்பு?"

உண்மையிலேயே அவனுக்குத் தெரியவில்லை. அவன் ரஸ்ஸைப் பார்த்தான். ரஸ்ஸின் கையிலிருந்த சம்மட்டியைப் பார்த்தான். பிறகு புரிந்தது. நாற்பது வருடமாக நான் பார்த்த அந்தச் சிரிப்பு முகத்திலிருந்து இறங்கிப் போனதை அப்போது பார்த்தேன். கீழே இருந்தது வேறு ஆள்.

எஞ்சின் அலறியது. வண்டி அவ்னேவை நோக்கிப் பாய்ந்தது. நான் அவளை இடுப்பில் அடித்துத் தள்ளினேன். அவள் விழுந்தாள். என்னால் விலக முடியவில்லை. பக்கெட்டின் விளிம்பு என் மார்பில் இடித்து, அப்படியே பின்னால் தள்ளிக்கொண்டு போய், சர்ச்சின் செங்கல் சுவரில் என்னை ஒட்டியது. உள்ளே ஏதோ முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. ஒரு விலா, பிறகு இன்னொன்று. கத்த மூச்சு இல்லை. பக்கெட்டுக்கு மேலே லெஸ்டரின் முகம் தெரிந்தது. நிதானமாக, வாசல் சுத்தம் செய்கிறவன் முகம் மாதிரியே, காலை இன்னும் அழுத்தினான். ஆயிரத்துச் சொச்சம் பவுண்டு பின்னால் அழுத்த, சக்கரம் துளி கூட வழுக்கவில்லை. செத்தோம் என்று நினைத்தேன். பயமாக இருந்தது, அதைச் சொல்வதில் வெட்கம் இல்லை.

பின்னால் ரஸ்ஸின் குரல் கேட்டது. "என் வெயிட்டை வச்சு ஒருத்தனைக் கொல்லுவியாடா நாயே."

கடப்பாரையால் ரஸ், டிராக்டரின் தூக்குக் கையிலிருந்த பூட்டு வளையத்தைப் பிடுங்கி எறிந்தான். சம்மட்டியால் டிரம்மைத் தாங்கிய ஆணியை அடித்தான். இரண்டாவது அடியில் ஆணி பறந்தது. டிரம் ஒரு பக்கம் சரிந்து, மறுபக்க ஆணியை முறித்துக்கொண்டு, தரை அதிர விழுந்தது.

அடுத்த நொடியில் என் மார்பிலிருந்து அழுத்தம் போய்விட்டது. முன்னால் முழு ஐஸ், பின்னால் ஒன்றும் இல்லை. பின்சக்கரம் தரையை விட்டு எழும்பி அந்தரத்தில் சுற்றியது. முன்சக்கரம் மட்டும் வழவழ ஐஸில் எதைப் பிடிக்கும்? நான் சரிந்து, சுவரோரமாக உருண்டு வெளியே வந்தேன். லெஸ்டர் வெறியில் பக்கெட்டை உயரே தூக்கினான், என் தலையில் இறக்க. இந்த ஊரில் எட்டு வயதுப் பையனுக்குத் தெரியும், பின்பாரம் இல்லாமல் நிறைந்த பக்கெட்டை உயரத் தூக்கக் கூடாது என்று. டிராக்டர் அப்படியே மூக்கில் நின்றது. லெஸ்டர் ஸ்டியரிங்குக்கு மேலாகப் பறந்து பக்கெட்டின் விளிம்பில் முகம் பதிய விழுந்தான். தாடை உடைந்தது. ஒரு கை எப்படி மடங்கக் கூடாதோ அப்படி மடங்கிக் கிடந்தது.

ரஸ் அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராகப் போய்த் தன் டிரம்மை அடித்தான். பத்துப் பன்னிரண்டு அடி. தகரம் கிழிந்து, காங்கிரீட் பிளந்து, துருப்பிடித்த இரும்புக் குண்டு ஒன்று வெளியே எட்டிப் பார்த்தது. ரஸ் அதன் மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

அவ்னே நொண்டிக்கொண்டே வந்து லெஸ்டரின் பக்கத்தில் குந்தினாள். "பெர்னி ஊரை விட்டுப் போனதும் அதே சமயம்தான். அவளுக்காகவா?"

அவன் ரத்தத்தைத் துப்பினான். "நார்ம் என் பொண்டாட்டியை எங்கயோ ஒளிச்சு வச்சுட்டான். நான் அவ கையை ஒடிச்சுட்டேன்னு. என் வீட்டு விஷயத்துல அவன் யாரு? படகுத்துறையில பிடிச்சேன். அவ எங்க இருக்கான்னு கேட்டேன். ஒரு மணி நேரம் கேட்டேன்."

"சொன்னானா?"

"சொல்லல. விரலை ஒவ்வொண்ணா ஒடிச்சேன், அப்பவும் சொல்லல." அவன் உடைந்த வாயால் சிரித்தான். "எய்னோ, எய்னோன்னு கூப்பிட்டுக்கிட்டே இருந்தான். கடைசி வரைக்கும் கூப்பிட்டான். அந்தக் குடிகாரன் பத்தடி தள்ளி வண்டிக்குள்ள குறட்டை விட்டுட்டுக் கெடந்தான்."

நான் எழுந்து போய் அவன் வாயிலேயே ஒரு குத்து விட்டேன். உடைந்த விலாவோடு குத்தினால் குத்துகிறவனுக்குத்தான் அதிகம் வலிக்கும். பரவாயில்லை என்று இன்னொன்றும் விட்டேன். அவ்னே என்னைத் தடுக்கவில்லை.

ஷெரிஃபின் ஆள் ஒருவன் வந்து சேர்ந்ததும், அவனுடைய வண்டியில் சைரன் போட்டுக் கோர்ட்டுக்குப் போனோம். எய்னோ கையில் பேனா இருந்தது. மணி மூன்றுக்கு ஆறு நிமிஷம். அவ்னே அந்தக் காகிதத்தை மேஜையிலிருந்து எடுத்து இரண்டாகக் கிழித்தாள். அது சட்டப்படி குற்றம் என்று அரசு வக்கீல் சொன்னார். எங்கள் கூட வந்த போலீஸ்காரன் அவர் காதில் ஏதோ சொன்னான். அவர் உட்கார்ந்துவிட்டார்.

வராந்தாவில் எய்னோவை விலங்கோடு கொண்டு வந்து உட்கார வைத்தார்கள். நாலு வாரத்தில் பாதியாகியிருந்தான். ஒரு கண் கறுத்து வீங்கியிருந்தது, சிறையில் யாரோ கொடுத்தது. சிக்னெ அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நான் இல்லையா?" என்றான்.

"நீ இல்ல," என்றாள் அவ்னே.

"நெசமாவே நான் இல்லையா?"

"லெஸ்டர். பெர்னி எங்க இருக்கான்னு கேட்டு அடிச்சிருக்கான். நார்ம் சொல்லல. அவன் கையில சிக்காம அவ பத்திரமா இருக்கா."

எய்னோ முகத்தை விலங்குக் கைகளில் புதைத்துக்கொண்டான். அழுதான். ஒரு ஆளிடமிருந்து அப்படி ஒரு சத்தம் வரும் என்று எனக்குத் தெரியாது. பிறகு அழுகை நின்றது. தலையை நிமிர்த்தினான். அவன் என்ன கேட்கப் போகிறான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஓடிவிடலாமா என்றிருந்தது.

"படகுத்துறையில தானே நடந்துச்சு? நான் அங்கதான இருந்தேன். வண்டிக்குள்ள." அவ்னேவைப் பார்த்தான். "அவன் என்னைக் கூப்பிட்டானா?"

அவ்னே வாயைத் திறந்தாள். மூடினாள். பொய் சொல்ல வராதவளிடம் போய் அதைக் கேட்டுவிட்டான்.

"இல்லடா," என்றேன் நான். "கூப்பிட நேரமே இல்ல. பின்னாலேர்ந்து ஒரே அடி. அப்புறம்தான் லெஸ்டர் என்னென்னமோ கேட்டிருக்கான். நார்முக்குக் கேட்டிருக்காது."

"வலிச்சிருக்காதா?"

"இல்ல."

எய்னோ என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் கண்ணை எடுக்கவில்லை. விலா குத்தியது. கடைசியில் தலையாட்டினான். சிக்னெயின் தோளில் சாய்ந்துகொண்டான். அவள் என்னைப் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்துவிட்டதா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

பக்கத்து அறையில் அவ்னே வாக்குமூலம் எழுத உட்கார்ந்தாள். நான் நாற்காலியில் கோணலாகச் சாய்ந்து, வாயில் ஐஸ் துணியை வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். டிரம், தேதி, சர்ச் காபி, இரும்பு, எல்லாவற்றையும் வரிசையாக எழுதினாள். லெஸ்டர் சொன்னது என்ற இடம் வந்தது. பெர்னியைப் பற்றி எழுதினாள். ஒடித்த விரல்களை எழுதினாள். பேனா நின்றது.

"விசாரணையில லெஸ்டரே சொல்லுவான், டேல்."

"எப்ப வரும் விசாரணை?"

"ஆறு மாசம் ஆகும்."

"அதுவரைக்குமாவது எய்னோ தூங்கட்டும் மேடம்."

அவள் அதுவரை எழுதியதை ஒரு முறை படித்துப் பார்த்தாள். பிறகு குனிந்து, "லெஸ்டர் வேறு எதுவும் சொல்லவில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.